தீ வைப்பவர்கள் வருமுன்: ஒளிப்பதா, ஒப்படைப்பதா, படியெடுப்பதா, காவலிருப்பதா?

பழைய வண்ணாரப்பேட்டையில் எனக்குப் புத்தகம் கட்டும் தொழில். நூலகவியல் படித்தவன் அல்லன். செல்லரித்த பேரேடுகளையும் முதுகு உடைந்த புராணங்களையும் முப்பது ஆண்டுகளாகத் தைத்துக்கொண்டிருப்பதால், பழைய தாள் வைத்திருப்பவர்கள் என்னிடம் யோசனை கேட்க வருவார்கள். பூச்சிக்கு என்ன போடலாம் என்பதுதான் வழக்கமான கேள்வி. இந்த ஆண்டு மூன்று பேர் வேறு கேள்வியோடு வந்தார்கள்.

ஒருவர் தண்டையார்பேட்டையில் ஒரு படிப்பகத்தின் செயலாளர். அங்கே ஆலைத் தொழிலாளர் காலத்துத் துண்டறிக்கைகளும், சங்கத் தீர்மானப் புத்தகங்களும், மே தின ஊர்வலப் புகைப்படங்களும் இருக்கின்றன. ஒருநாள் காலை ஷட்டரில் தாரால் "கொளுத்துவோம்" என்று எழுதியிருந்ததாம். இன்னொருவர் மண்ணடிப் பக்கம் ஒரு சிறிய தர்காவின் நிர்வாகக் குழுவில் இருக்கும் பாய். அடக்கத்தலங்களை மதிப்பதே தவறு என்று நினைக்கும் யாரோ தொலைபேசியில் மிரட்டுகிறார்களாம். மூன்றாமவர் வியாசர்பாடி அக்கா. தாத்தாவின் சித்த மருத்துவ ஏட்டுக்கட்டுகள் பதினேழு அவரிடம் இருக்கின்றன. அவரை யாரும் மிரட்டவில்லை. தொலைக்காட்சியில் எங்கோ ஒரு நூலகம் எரிவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

எரிக்க வருகிறவர் எந்தக் கொடியைப் பிடித்து வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: ஒளித்து வைக்கலாமா, பெரிய இடத்தில் ஒப்படைக்கலாமா, படியெடுத்துவிடலாமா, இருந்த இடத்திலேயே காவலிருக்கலாமா? மூவருக்கும் ஒரே விடை சொல்ல முடியாது.

## எதைக் கொண்டு எடைபோடுவது

வேறு படி உண்டா என்பதை முதலில் பாருங்கள். அச்சிட்ட புத்தகம் எரிந்தால் இழப்பு. ஒரே ஒரு கையெழுத்துப் படி எரிந்தால் அது இறப்பு. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அவற்றில் அச்சு நூல்கள் பலவற்றை வேறு ஊர்களில் தேடிப் பிடிக்க முடிந்தது. வேறு எங்கும் இல்லாத ஏடுகளை எந்த ஊரில் தேடுவது? எரித்த கூட்டத்தில் சீருடைக்காரர்களும் இருந்தார்கள் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 'காவல் நிலையத்தில் சொல்லிவிட்டோம்' என்பதோடு நம் வேலை முடிவதில்லை.

அடுத்து, இடத்தைவிட்டு எடுத்தாலும் அது அதுவாகவே இருக்குமா என்று பார்க்க வேண்டும். துண்டறிக்கை எங்கே இருந்தாலும் துண்டறிக்கை. தர்காவை எடுத்துக்கொண்டு போக முடியாது. பாமியானில் 55 மீட்டரும் 38 மீட்டரும் உயர்ந்து நின்ற புத்தர்கள் மலையிலேயே குடையப்பட்டவை. 2001 மார்ச்சில் தாலிபான்கள் வெடிவைத்தபோது தூக்கிக்கொண்டு ஓட வழியே இருக்கவில்லை.

மூன்றாவது அளவுகோல், பெயர் வெளியே தெரிவது நம்மைக் காக்குமா, காட்டிக்கொடுக்குமா என்பது. மாலியில் உள்ள திம்புக்துவை யுனெஸ்கோ 2012 ஜூன் 28 அன்று ஆபத்துக்குள்ளான மரபிடங்களின் பட்டியலில் சேர்த்தது. ஜூன் 30 அன்று அன்சார் தைன் என்ற ஆயுதக் குழுவின் ஆட்கள் சூஃபி அடக்கத்தலங்களை இடிக்கத் தொடங்கினார்கள். பட்டியல்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. உலகம் பார்க்கிறது என்பதற்காகவே இடிக்கிறவர்களும் உண்டு என்கிறேன். போர்க்காலத்தில் பண்பாட்டுச் சொத்துகளைக் காக்க 1954-இல் வந்த ஹேக் உடன்படிக்கைக்கு நீலக் கேடயம் ஒரு அடையாளச் சின்னம். அதை மதிக்கத் தெரிந்த படைகளுக்கு அது எச்சரிக்கை, மதிக்காதவனுக்கு முகவரி.

நான்காவதை யாரும் கேட்பதில்லை: தீ வராமலே போனால்? மிரட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வருவதில்லை. ஆனால் உப்புக்காற்றும் மழைநீரும் கரையானும் வடசென்னையில் ஆண்டுதோறும் தவறாமல் வருகின்றன. வராத தீக்காகச் செய்த ஏற்பாடு வருகிற நீரில் பொருளைக் கொண்டுபோய் விடக்கூடாது.

கடைசியாக, உயிர். இதற்கு மற்ற எல்லாவற்றையும்விட எடை அதிகம்.

## ஒளித்து வைப்பது

நம் ஊரில் இது மிகப் பழைய வழி. ஆபத்துக் காலத்தில் உலோகத் திருமேனிகளை மண்ணுக்குள் மறைப்பதற்கு ஆகமங்களிலேயே முறை சொல்லியிருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் வடக்கேயிருந்து படைகள் வந்தபோது எத்தனையோ கோயில்களில் அப்படிச் செய்தார்கள். அதனால்தான் இன்றும் வீட்டுக்கு அடித்தளம் தோண்டும் இடத்தில் நடராசர் கிடைக்கிறார்.

கிடைப்பதைக் கொண்டாடுகிறோம். ஏன் இத்தனை நூற்றாண்டுகள் மண்ணிலேயே கிடந்தார் என்று கேட்பதில்லை. புதைத்தவர் இன்னொருவரிடம் சொல்லாமலே செத்துப்போனார், அவ்வளவுதான். 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்காகத் தோண்டியபோது இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகளும் 400-க்கும் மேற்பட்ட தேவாரச் செப்பேடுகளும் வந்தன. பாடலைச் செம்பில் வெட்டி வைக்கும் அளவுக்கு முன்யோசனை உள்ளவர்கள். அவர்கள் காத்த ரகசியம் எதிரியிடமிருந்து தப்பியது. சொந்தப் பேரப்பிள்ளைகளிடமிருந்தும் தப்பிவிட்டது.

ஸ்ரீரங்கத்துக் கதை இன்னும் நுட்பமானது. 1323 படையெடுப்பின்போது உற்சவத் திருமேனியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்கள். மலை, காடு, திருப்பதி என்று சுற்றி 1371-இல் திரும்பியது. அதற்குள் கோயிலில் இன்னொரு திருமேனி எழுந்தருளியிருந்தது. எது பழையது? பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. கண் தெரியாத முதிய வண்ணார் (ஈரங்கொல்லி) ஒருவர், முன்பு பெருமாளின் ஈரவாடையைப் பிழிந்த தீர்த்தத்தைப் பருகியவர், அதன் மணத்தையும் சுவையையும் வைத்து "இவரே நம்பெருமாள்" என்று சொன்னதாக அந்தக் கோயிலின் பழைய வரலாற்றேடான கோயில் ஒழுகு கூறுகிறது. எங்கள் பேட்டையின் பெயருக்குள் இருக்கும் தொழிலைச் செய்தவர் என்பதால் எனக்கு இந்தக் கதை மேல் தனிப் பிரியம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஒரு ஈரங்கொல்லி உயிரோடு காத்திருப்பார் என்று நம்பித் திட்டம் போட முடியாது.

ஒளித்து வைத்து வென்றவர்களும் உண்டு. ஆப்கானிஸ்தானில் தில்லியா தெப்பேயில் 1978-இல் தோண்டியெடுத்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பொன் துண்டுகளை, 1980-களின் இறுதியில் காபூல் அருங்காட்சியகத்திலிருந்து அரண்மனை வளாகத்துக்குள் இருந்த மத்திய வங்கிப் பெட்டகத்துக்கு மாற்றினார்கள். உள்நாட்டுப் போரில் அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. 2001-இல் தாலிபான்கள் உள்ளே நுழைந்து சிலைகளை உடைத்தார்கள். பொன் தப்பியது. விவரம் அறிந்த சிலர் பல ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. 2003-இல்தான் அது இருப்பது வெளியே தெரிந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, தெரிந்தவர் ஒருவர் அல்லர், சிலர்.

ஒளித்து வைப்பதன் மறைசெலவை என் கையாலேயே கட்டியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பதற்றமான வாரத்தில், நண்பர் ஒருவரின் பழைய இதழ்த் தொகுப்பை இரண்டு ட்ரங்க் பெட்டிகளில் போட்டுப் புளியந்தோப்பில் ஒரு கோடவுனில் மறைத்தோம். பதற்றம் தணிந்தது. பெட்டிகளை எடுத்துவர யாருக்கும் நேரம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. நீர் வடிந்து பெட்டியைத் திறந்தபோது தாள்கள் ஊறிய அப்பளக்கட்டுபோல ஒட்டிக்கிடந்தன. தீக்குப் பயந்து நீரில் விட்டோம்.

சட்டச் சிக்கலும் உண்டு. நூறு ஆண்டு கடந்த சிலைகளைத் தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம், 1972-இன்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாத ஐம்பொன் சிலையை நல்லெண்ணத்தோடு வீட்டில் ஒளித்தவரும் கடத்தல்காரரும் காவலரின் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரிவார்கள்.

ஆகவே சிறிய, எளிதில் தூக்கக்கூடிய பொருளுக்கு, ஆபத்து சில வாரங்களில் கடந்துவிடும் என்று தெரிந்தால் மட்டும் ஒளியுங்கள். தரைத்தளம் வேண்டாம். மூன்று பேருக்குத் தெரிந்திருக்கட்டும். திரும்ப எடுக்கும் தேதியையும் அன்றே முடிவு செய்யுங்கள்.

## ஒப்படைப்பது

வடசென்னைக்காரனாக இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் கோட்டூர்புரத்தில். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தரமணியில். உ.வே.சா. நூலகம் பெசன்ட் நகரில். மூன்றும் அடையாற்றுக்கு அந்தப் பக்கம். எழும்பூரில் இருக்கும் ஆவணக் காப்பகமும் கன்னிமாராவும்தான் நமக்குக் கொஞ்சம் கிட்டே. பெரம்பூரில் 1918-இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் காலத்தைப் படிக்க விரும்பும் பெரம்பூர்ப் பிள்ளை, இரண்டு பஸ் மாறித்தான் தன் பேட்டையின் கதையைப் பார்க்க வேண்டும்.

இதைச் சொன்ன பிறகு நியாயத்தையும் சொல்ல வேண்டும். அங்கே குளிர்சாதனம் உண்டு, பட்டியல் உண்டு, பூச்சி மருந்து தெரிந்தவர்கள் உண்டு. ரோஜா முத்தையா செட்டியார் கோட்டையூரில் தனியொருவராகச் சேர்த்தவை அவருக்குப் பின் சிதறாமல் நின்றன. சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியும் தமிழ்நாட்டிலேயே வைத்து 1994-இல் நூலகமாக்கியதுதான் காரணம்.

திரும்பக் கிடைக்காது என்பதே இதன் மறைசெலவு. நன்கொடைக் கடிதத்தில் என்ன எழுதுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு தாளின் ஒளிப்படியும் உங்களுக்கு வேண்டும், உங்கள் தெருவின் பெயர் தொகுப்போடு நிற்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கோயில் திருமேனி என்றால் கதை வேறு. அறநிலையத் துறையின் பாதுகாப்பு மையங்களில் பூட்டிய திருமேனி திருடனிடமிருந்து தப்புகிறது. ஆனால் திருவிழாவையும் அபிஷேகத்தையும் இழக்கிறது. வழிபட்டவர்களுக்கு அது பாதி இழப்பு.

## படியெடுப்பது

நம் முன்னோர் இதை விட்டு வைக்கவில்லை. பனையோலைக்கு ஆயுள் இரண்டு மூன்று நூற்றாண்டுதான் என்று தெரிந்தே, பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் பெயர்த்து எழுதினார்கள். தில்லையில் ஒரு அறையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைப் புற்று மூடியிருந்தது என்றும், செல்லரித்தது போக எஞ்சியதே நமக்குக் கிடைத்தது என்றும் மரபு சொல்கிறது. அந்த ஏடுகளை எந்தப் பகைவனும் தொடவில்லை. பூட்டு இருந்தது, பெயர்த்து எழுதும் கை இல்லை.

ஈராக்கில் மோசூல் நகரத்துக் கிறித்தவத் துறவி, தொமினிக்க சபையின் நஜீப் மிக்காயேல் 1990 முதலே பழைய சுவடிகளைப் படம்பிடித்து வந்தார். 2014 ஆகஸ்டில் ஐஎஸ் தீவிரவாதப் படை நெருங்கியபோது அசல்களை வண்டியில் ஏற்றிக் குர்தியப் பகுதிக்குக் கொண்டுபோனார். வழியில் வண்டி பறிபோயிருந்தாலும் உள்ளடக்கம் இருந்திருக்கும். அடுத்த ஆண்டு மோசூல் அருங்காட்சியகத்தில் ஐஎஸ் ஆட்கள் சிலைகளைச் சம்மட்டியால் உடைக்கும் காட்சி உலகம் முழுக்க ஓடியது. அவற்றில் சில சுதைப் படிகள். அசல்கள் பாக்தாதில் இருந்தன.

சிலைகளுக்கும் இது பொருந்தும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தமிழ்நாட்டுக் கோயில்களில் எடுத்து வைத்த புகைப்படங்கள், பின்னாளில் வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் நின்ற திருட்டுச் சிலைகளை நம்முடையவை என்று நிறுவ உதவின. புகைப்படம்தான் சிலைக்குப் பிறப்புச் சான்றிதழ். முன்னும் பின்னும் பக்கமும், கூடவே ஒரு அளவுகோல், எங்கே நசுங்கல், எங்கே விரல் உடைந்திருக்கிறது என்ற குறிப்பு: இவ்வளவும் ஒரு கைபேசியிலேயே ஒரு பிற்பகலில் முடியும்.

செலவு இல்லையா? உண்டு, எல்லாம் பின்னால்தான் வரும். ஹார்ட் டிஸ்க் சொல்லாமல் சாகும். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீதே இணையத் தாக்குதல் நடந்து பல மாதங்கள் அதன் மின்வளங்கள் முடங்கின. அழியும் தறுவாயில் இருக்கும் ஆவணங்களைக் காக்கும் அவர்களின் திட்டத்துப் படிகளும் அதில் அடக்கம். அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்தக் கதி என்றால் படிப்பகத்து மேசை மேல் இருக்கும் ஒற்றை டிஸ்க்கை நம்பாதீர்கள். மூன்று படி வேண்டும்: ஒன்று இங்கே, ஒன்று வேறு பேட்டையில், ஒன்று வேறு ஊரில். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்க்க ஒரு நாள் குறியுங்கள். ஆயுத பூஜை அன்று நான் செய்கிறேன்; எப்படியும் கருவிகளைத் துடைக்கிற நாள்.

இன்னொரு மறைசெலவு எனக்கு உறுத்துவது. படி வந்துவிட்டால் அசல் மீது அக்கறை குறைந்துவிடும். பதினெட்டாம் பெருக்கில் பழைய ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கம் இருந்தது. பெயர்த்து எழுதிய பின் விட்டவரை அது மரியாதை. எழுதுவது நின்ற பிறகும் விடுவது நிற்கவில்லை.

## காவலிருப்பது

எடுத்துச்செல்ல முடியாதவற்றுக்கு வேறு வழி இல்லை. இராயபுரத்தில் பார்சிகளின் தீக்கோயிலான அகியாரியையோ அரண்மனைக்காரன் தெருவின் ஆர்மீனியக் கோயிலையோ பெட்டியில் போட முடியுமா?

காவல் என்றதும் ஆட்கள் தடி வைத்துக்கொண்டு நிற்பதை நினைக்கிறார்கள். வேண்டாம். சிரியாவில் பல்மைரா தொல்லியல் துறையை நாற்பது ஆண்டுகள் நடத்திய காலித் அல்-அசாத், ஐஎஸ் வந்தபோது ஊரைவிட்டுப் போக மறுத்தார். நூற்றுக்கணக்கான சிலைகள் அதற்கு முன்பே தலைநகர் திமிஷ்குக்கு (டமாஸ்கஸ்) போய்விட்டன. எண்பது கடந்த அந்த மனிதரை 2015 ஆகஸ்டில் கொன்றார்கள். அதே மாதம் பால்ஷமீன், பெல் கோயில்களையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அவரை வணங்குகிறேன். ஆனால் படிப்பகத்துப் பையன்கள் யாரும் அப்படி நிற்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்வேன்.

நான் சொல்லும் காவல் சாதாரணமானது. ஜன்னலுக்கு நெருக்கமான கம்பிவலை, ஏனென்றால் தீப்பாட்டில் பெரும்பாலும் ஜன்னல் வழியாகத்தான் வரும். தாளுக்குத் தண்ணீரும் பகை என்பதால் தூள் வகைத் தீயணைப்பான். ஒற்றைத் தகட்டு பீரோவை நம்ப வேண்டாம். வெளியே தீ மூண்டால் உள்ளே அது அடுப்பு. வாசலில் இரவு முழுக்க எரியும் ஒரு விளக்கு. இவற்றைவிட மேலாகத் தெரு. எதிர்த் தேநீர்க்கடைக்காரர், முனையில் ஆட்டோ நிறுத்தம், விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போகிறவர்கள் ஆகியோருக்கு அந்தக் கட்டடம் தங்களுடையது என்று தோன்ற வேண்டும். யாரும் வராத படிப்பகம் எரிந்தால் யாரும் ஓடிவர மாட்டார்கள். மாலையில் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கும் இடம் என்றால் பெண்களே வாளியோடு வருவார்கள்.

இடிந்த பிறகு மீண்டும் கட்டத் தெரிந்த கையையும் காவலில் சேர்க்க வேண்டும். திம்புக்துவில் இடித்த அடக்கத்தலங்களை அந்த ஊர்க் கொத்தனார்களே பழைய முறையில் மீண்டும் எழுப்பி, 2015-இல் பதினான்கு முடிந்தன. இடித்த குற்றத்துக்காக அல் மஹ்தி என்பவருக்குப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2016-இல் ஒன்பது ஆண்டு சிறை விதித்தது. தீர்ப்பு நல்லதுதான். சுவரை எழுப்பியது கொத்தனாரின் கை.

## ஒரே பார்வையில்

| வழி | எதற்குப் பொருந்தும் | மறைசெலவு | எப்போது கூடாது |
|---|---|---|---|
| ஒளிப்பது | சிறிய பொருள், குறுகிய கால ஆபத்து | மறதி, ஈரம், சட்டச் சிக்கல் | தெரிந்தவர் ஒருவரே என்றால் |
| ஒப்படைப்பது | ஒற்றைப் படி, பராமரிக்க ஆளில்லாத தொகுப்பு | திரும்பாது. பேட்டையைவிட்டுப் போகும் | ஒளிப்படி கைக்கு வருமுன் |
| படியெடுப்பது | தாள், ஏடு, புகைப்படம், சிலையின் அடையாளம் | ஆண்டுதோறும் வேலை. அசல் மீது அலட்சியம் | எப்போதும் செய்யலாம். இது மட்டும் போதாது |
| காவலிருப்பது | நகர்த்த முடியாத கட்டடம், அடக்கத்தலம் | உயிராபத்து, ஓயாத உழைப்பு | ஆயுதக் கூட்டம் வரும்போது |

## மூவருக்கும் சொன்னது

திம்புக்து நூலகர் அப்தல் காதர் ஹைதரா ஏறத்தாழ எல்லா வழிகளையும் கலந்தார். 2012-இல் ஊர் பிடிபட்டதும் சுவடிகளை முதலில் வீடுகளில் பிரித்து ஒளித்தார்கள். பின் இரும்புப் பெட்டிகளில் அடைத்து வண்டியிலும் நைஜர் ஆற்றில் படகிலும் தலைநகர் பமாகோவுக்கு அனுப்பினார்கள். அப்படித் தப்பியவை 3,50,000 வரை என்கிறார்கள். 2013 ஜனவரியில் ஓடும்போது தீவிரவாதிகள் அந்த ஊர்ச் சுவடிக் காப்பகமான அகமது பாபா நிறுவனத்தில் எரித்ததும் களவு போனதுமாக இழந்தவை ஏறத்தாழ 4,000. ஆனால் பாலைவன வறட்சியில் நூற்றாண்டுகள் நிலைத்த தாள்களுக்குப் பமாகோவின் ஈரம் புதுப் பகையாக வந்தது. மிக்ஜாம் பெட்டியைத் திறந்த எனக்கு அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

பாயிடம் காவலையும் படியெடுப்பையும் சொன்னேன். அடக்கத்தலத்தைச் சுற்றிலும் அளந்து படம் எடுக்க வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு போடத் தெரிந்த கொத்தனாரை இப்போதே கூப்பிட்டு ஒரு மூலையைப் பூசச் சொல்லி, பக்கத்தில் ஒரு இளைஞனை நிறுத்திப் பார்க்கச் சொல்ல வேண்டும். கந்தூரிக்குத் தெருவையே அழையுங்கள், எல்லா மதத்தாரையும். மிரட்டல் அழைப்பு வந்த எண், நேரம் எல்லாவற்றையும் எழுதிக் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள் என்றும் சொன்னேன்.

அக்காவுக்கு அவசரம் இல்லை என்பதே பெரிய வசதி. ஏட்டுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி, ஒவ்வொன்றாகப் படம் எடுத்த பிறகு, கோட்டூர்புரத்தில் ஒப்படைக்கச் சொன்னேன். அவருக்கு மனமில்லை. "தாத்தா தொட்டது இது, தம்பி" என்றார். அப்படியானால் இரண்டு கட்டுகளை மட்டும் வீட்டில் வையுங்கள், படி எடுத்த கட்டுகளாகப் பார்த்து வையுங்கள் என்றேன். அறிவுரைக்கு ஒத்துவராத விடைதான். ஆனால் அந்தக் கட்டை எடுக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தவர் யாரும் வேறு சொல்லியிருக்க முடியாது.

படிப்பகத்துக்கு முதலில் படி, பிறகுதான் பூட்டு. மூன்று வாரம் ஞாயிறுதோறும் உட்கார்ந்து தீர்மானப் புத்தகங்களை முடித்தார்கள். தையல் விட்டவற்றை மயில்துத்தம் சேர்த்த பசை போட்டு நான் கட்டிக் கொடுத்தேன். வேறு படி இல்லாத பதினொரு புத்தகங்களை ஒரு இரும்புப் பெட்டியில் வைத்து மூன்று சாவி செய்தார்கள். ஒன்று செயலாளரிடம், ஒன்று ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம். மூன்றாவதையும் பெட்டியையும் என் கடையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிப் போன செவ்வாய்க்கிழமை எடுத்து வந்தார்கள். சாவியை வாங்கிக்கொண்டேன். பெட்டியை வாங்கவில்லை, என் கடை தரைத்தளம்.